கெளுத்திக்கு நடந்த ஆப்ரேசன்

போன மாதம், பழவேற்காடு கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர் எனக்குப் போன் செய்தார். லைட்ஹவுஸ் குப்பத்தில் இப்போது மறுபடி பெருகியிருக்கும் பூனைகளுக்கும் நாய்களுக்கும் கருத்தடை முகாம் போடப் போகிறாராம். "சார், நீங்க இங்க பல வருசம் இருந்தீங்களாமே. ஜனங்க ஒத்துக்குவாங்களா? பூனையை எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

ஒத்துக்கொள்வார்கள் என்றேன். பிடிக்கும் விதத்தையும் சொன்னேன். மீன் சந்தையில் வளர்ந்த பூனை, கூண்டுக்குள் மீன் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. பஸ் ஸ்டாண்டு கடையில் பொரித்த கோழித்துண்டு ஒன்றை வைத்தால் அரைமணி நேரத்தில் கூண்டு மூடிக்கொள்ளும். அவர் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் உறுத்தியது. அவர் கேட்காத ஒன்றை நானாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குப்பத்தில் என் கவனக்குறைவால் ஒரு பூனை செத்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாதிக் கதைதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஆரம்பாக்கம் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்கு நாலு மாடும் கொஞ்சம் நெல் வயலும் இருந்தன. மாடு தெரியும் என்ற தைரியத்தில்தான் கால்நடைத் துறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கருவிகளைக் கொதிக்கவைத்து அடுக்கவும் பழகிக்கொண்டேன். அப்புறம் உள்நாட்டு ஊர்களில் பல வருடம் மாடு, எருமை, ஆடு என்று ஓடியது. பூனையை மட்டும் நான் தொட்டதே இல்லை. அது வைத்தியம் பார்க்கும் பிராணி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

பழவேற்காட்டுக்கு மாற்றல் வந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஜனங்கள் என்னைக் 'கம்பவுண்டர்' என்றார்கள். அங்கே மாடு குறைவு, பூனை அதிகம். லைட்ஹவுஸ் குப்பத்தில் வெயில் காலம் வந்தால் மணல் முழுக்க நெத்திலியும் காரைப்பொடியும் காயும். காக்கைக்குப் பயந்து மேலே பழைய வலையைப் போர்த்தியிருப்பார்கள். பூனைக்கு வலை ஒரு தடையா? அடியில் புகுந்து தின்றுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கும். இந்தப் பக்கம் பழவேற்காடு மீன் சந்தையிலும், டச்சுக் கல்லறைத் தோட்டத்திலும் வேறு கூட்டம். எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையின் சமாதியோ, அதன்மேல் ஒரு தாய்ப்பூனை ஒருக்களித்துப் படுத்து ஐந்து குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஐந்தில் இரண்டு பிழைத்தால் அதிகம். கண்ணில் சீழ் கட்டி இமை ஒட்டிக்கொண்டு, வண்டியில் அடிபட்டு, நாய் வாயில் சிக்கி மற்றவை போய்விடும். தாய் தேறுவதற்குள் அடுத்த சினை. கடுவன் பூனைகள் சண்டை போட்டுக் கன்னத்திலும் தொடையிலும் சீழ்க்கட்டியோடு திரியும். பொறுக்க முடியாதவர்கள் குட்டிகளைச் சாக்கில் கட்டி முகத்துவாரத்துப் பக்கம் போட்டுவிட்டு வந்ததும் உண்டு. யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் டாக்டர் சுகந்தி வந்து சேர்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒல்லி, மெல்லிய குரல். மனிதர்களை மட்டுமல்ல, நாய் பூனையையும் 'நீங்க' என்பார். "கொஞ்சம் வாயைத் திறங்க" என்று அல்சேஷன் நாயிடம் கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். ஆப்ரேசன் மேஜைக்கு வரும் எந்த உயிருக்கும் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். தெருப்பூனைக்கு ஏது பெயர் என்றேன். "வெச்சிடுங்க. பேரு இருந்தா நீங்களே ரெண்டு தடவை பாப்பீங்க" என்றார். அன்றிலிருந்து பெயர் வைப்பதும் என் வேலையானது. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் பெயர் பாதிக்கு மேல் தீர்ந்துபோயிற்று.

கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார். கையை இன்னொரு முறை கழுவப் போய்விடுவார். அவர் கழுவி முடிக்கும்வரை தவறு செய்தவன் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம்.

அவர் வந்த சில மாதத்தில், குப்பத்துத் தலைவர் கோதண்டம் இரண்டு பேரோடு மருந்தகத்துக்கு வந்தார். நல்ல மனிதர், நேராகப் பேசுபவர். "டாக்டரம்மா, பூன தொல்ல தாங்கல. கருவாட்டுல பாதிய அதுங்களே துன்னுது. எதுனா மருந்து குட்த்தா சோத்துல வெச்சிடுவோம். நீங்க குடுக்காட்டி நாங்களே எங்கனா வாங்கிக்கறோம். அத்த சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தோம்" என்றார்.

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். "அண்ணே, நீங்க எல்லாத்தையும் கொன்னாலும் மணல்ல நெத்திலி காயுமில்ல? வாசனைக்குச் சந்தைப் பூனை வரும். கல்லறைப் பூனை வரும். அதுங்க மறுபடி குட்டி போடும். ஆப்ரேசன் பண்ணி அதே இடத்துல விட்டா, இருக்கறது தன் இடத்தை விட்டுக் குடுக்காது. குட்டியும் போடாது. எலியையும் பிடிக்கும். எனக்கு அடுத்த கருவாட்டு சீசன் வரைக்கும் டைம் குடுங்க."

கோதண்டம் கூட வந்த இரண்டு பேரையும் பார்த்தார். "செரி. நெத்திலி மறுபடி மணலுக்கு வர்ற வரைக்கும். அப்பால நாங்க பாத்துக்கறோம்."

அப்படித்தான் ஆரம்பமானது. முறை இதுதான். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பூனைக்குச் சாப்பாடு கூடாது, விடிந்தால் தண்ணீரும் கூடாது. காலையில் எடை போட்டு, ஒரு அட்டையில் பெயர், நிறம், எடை, 'பட்டினி' என்று நான் எழுதி வைப்பேன். மயக்க ஊசி போட்டதும் பூனையின் கண் மூடாது. திறந்தபடியே இருக்கும். காய்ந்துவிடாமல் களிம்பு தடவ வேண்டும். இடது விலாப்பக்கம் முடியை மழித்து மருந்து தடவித் துணி போர்த்தி, சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியாக ஒரு கொக்கியை விட்டு, தீக்குச்சித் தடிமன்கூட இல்லாத கருப்பையை டாக்டர் வெளியே எடுப்பார். இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு அறுத்துத் தையல். கடுவன் என்றால் இன்னும் சுலபம், முழுசாகப் பத்து நிமிடம்கூட ஆகாது. தெருப்பூனைக்கு அடையாளமாக மயக்கத்திலேயே இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவோம்.

ஐந்தாறு வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு தேசம்மா வந்தாள்.

தேசம்மாவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. புருஷன் இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். கருவாடு காயவைத்துப் பொன்னேரிச் சந்தைக்கு எடுத்துப் போவாள். அவள் வீட்டில் அக்கா தங்கையாக இரண்டு பூனைகள். வெள்ளைப் பூனைக்குச் சுதும்பு என்று பெயர், அந்த மீன் மாதிரி பளபளவென்று இருக்கும். இன்னொன்று சாம்பல் நிறம், நீளமான மீசை. அதனால் மீசை வைத்த மீனின் பெயரையே வைத்து, கெளுத்தி. குப்பத்தில் மற்றவர்கள் நாங்கள் கெஞ்சிய பிறகே பூனையைத் தந்துகொண்டிருந்தபோது, "எத்தினி குட்டிய நா பொதைக்கறது? பண்ணிடுங்க" என்று சுதும்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

அன்றைக்குக் கூட்டம். எட்டு பூனை, இரண்டு நாய். நான் அட்டைகளை வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். சுதும்பு, வெள்ளை, எடை, பட்டினிக்கு நேராக ஒரு டிக். தேசம்மாவிடம் கேட்கவில்லை. அது மட்டுமில்லை, முந்தின நாள் குப்பத்துக்குப் போய் எல்லோருக்கும் சொன்னவன் அவள் வீட்டைத் தவற விட்டிருக்கிறேன். அவள் ஆசையாகக் காலையில் மீன் குழம்புச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு அழைத்து வந்திருந்தாள்.

மயக்க ஊசி ஏறிய சில நிமிடத்தில் சுதும்பு வாந்தி எடுத்தது. மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. டாக்டர் தலைகீழாகப் பிடித்தார், வாயைத் துடைத்தார், நெஞ்சை அழுத்தினார். கால்மணி நேரம் விடவில்லை. பிறகு நிறுத்திவிட்டு, அட்டையை எடுத்து என் டிக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை கழுவப் போனார்.

அன்று அவர் கழுவியது வெகுநேரம்.

திரும்பி வந்து, "வாங்க, போய்ச் சொல்லிட்டு வரலாம்" என்றார். தேசம்மா வெளியே வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். "அம்மா, சுதும்பு போயிடுச்சு. எங்க மேல தப்பு" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் மேல இல்லம்மா. என் மேல. சாப்பாடு குடுக்கக் கூடாதுன்னு நான் உங்ககிட்ட சொல்லல. இப்பவும் கேக்கல" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சுதும்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஈரமான மோவாயை முந்தானையால் துடைத்தாள். "எனக்கும் பொன்னேரில ஆப்ரேசன் பண்ணாங்க, என் பொண்ணு பொறந்தப்போ. சோறு துன்னாத, தண்ணி குடிக்காதன்னு நாலு வாட்டி சொன்னாங்க. நீ ஒரு வாட்டி சொல்லலியே, நைனா" என்றாள்.

எழுந்து போய்விட்டாள்.

அதன்பின் குப்பத்திலிருந்து ஒரு பூனை வரவில்லை. சந்தையிலும் கல்லறைத் தோட்டத்திலும் யாருக்கும் சொந்தமில்லாதவற்றைத்தான் கோழித்துண்டு வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான் மேலிடத்துக்கு மாற்றல் கேட்டு எழுதலாமா என்று யோசித்தேன். குறைந்தபட்சம் அட்டை எழுதும் வேலையையாவது டாக்டர் வேறு யாரிடமாவது கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை அவர் புது அட்டைக் கட்டை என் மேஜையில் வைத்து, "இனிமே நீங்கதான் எழுதணும். வேற யார் எழுதினாலும் எனக்கு நம்பிக்கை வராது" என்றார். அதற்குப் பிறகு பணியில் இருந்த கடைசி நாள் வரைக்கும், மூன்று தடவை கேட்காமல் அந்தக் கட்டத்தில் நான் டிக் போட்டதில்லை.

மழைக்காலம் வந்து போனது. கெளுத்தி இரண்டு ஈடு குட்டி போட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். பொங்கல் முடிந்தது. கோதண்டம் எதிர்ப்பட்டால், "நெத்திலி வர ஆரம்பிச்சிருச்சு சார்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். எனக்குப் புரியும்.

மாசி மாதத்தில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். மருந்தக வாசலில் தேசம்மா நின்றாள். இடுப்பில் மீன் விற்கும் அலுமினிய அன்னக்கூடை. உள்ளே பழைய புடவைக்கு நடுவில் கெளுத்தி. வயிறு சினை மாதிரி உப்பியிருந்தது, ஆனால் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அறைக்குள் வந்ததுமே நாற்றம் தெரிந்தது.

என்னைத் தாண்டி டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு வாரமா தண்ணிய தண்ணிய குடிக்குது. கீழ சீழ் மாதிரி வடியுது. சினைனு நென்ச்சேன்மா. சினை இல்ல போலக்கீது."

டாக்டர் தொட்டுப் பார்த்தார், உள் உதட்டைப் புரட்டிப் பார்த்தார். "கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கும்மா. எடுத்தாகணும். எடுக்கலைன்னா இன்னும் ரெண்டு மூணு நாள்தான். எடுக்கும்போதும் போகலாம். ரொம்பத் தளர்ந்திருக்கு. உங்களுக்குச் சம்மதமா?"

தேசம்மா கெளுத்தியின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். "இன்னா கம்பவுண்டர், கேளு."

அட்டையை எடுத்தேன். "எப்போ சாப்பிட்டுச்சு?"

"ரெண்டு நாளாவுது."

"இன்னிக்குக் காலையில எதுவும் குடுக்கலியே?"

"குடுக்கல."

"தண்ணி?"

"விடிகாலைல ரெண்டு வாய் நக்குச்சு. வாந்தி எடுத்துட்ச்சு. எழுது."

எழுதினேன்.

முதலில் இரண்டு மணி நேரம் சலைன் ஏற்றினோம். அந்தச் சின்னக் காலில் நரம்பு கிடைக்கவே பாடாகிவிட்டது. தேசம்மா உள்ளே இருக்க வேண்டும் என்றாள். டாக்டர் மறுக்கவில்லை, தலைமாட்டில் ஒரு முக்காலி போடச் சொன்னார். காலி சலைன் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துண்டில் சுற்றி, கெளுத்தியின் இரண்டு பக்கமும் நான் அணைத்து வைத்தேன். மயக்கத்தில் பூனையின் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும்.

இந்தத் தடவை விலாவில் சின்னக் கீறல் போதாது. வயிற்றின் நடுவே விரல் நீளத்துக்குத் திறந்தார். தீக்குச்சித் தடிமன்கூட இருக்க வேண்டாத கருப்பை என் பெருவிரல் தடிமனில் இரண்டு பக்கமும் புடைத்து, ஊதா நிறத்தில் இருந்தது. அது உள்ளே உடைந்தால் தீர்ந்தது. இறால் தோலை உரிப்பவள் மாதிரி அவ்வளவு மெதுவாக டாக்டர் அதை வெளியே கொண்டுவந்தார். முதல் முடிச்சு. இரண்டாவது முடிச்சு. "கெளுத்தி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது முடிச்சின்போது நான் எண்ணிக்கொண்டிருந்த மூச்சு வரவில்லை.

"டாக்டர், மூச்சு இல்ல."

அவர் தலை நிமிரவில்லை. "நெஞ்சைத் தேய்ங்க. நாக்கை வெளிய இழுங்க. நான் இதை விட முடியாது."

நாக்கை இழுத்தேன். நீலமாக மாறிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தி அழுத்தி விட்டேன். என் மனசில் சுதும்பின் நினைவுதான். தேசம்மா எழுந்துகொள்ளவில்லை. கெளுத்தியின் முன்னங்காலைப் பிடித்தபடி, "மூச்சு வுடுமா, மூச்சு வுடுமா" என்று கருவாடு விற்கும் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் விரலுக்கடியில் விலா ஒரு தடவை தானாக எழும்பியது. இன்னொரு தடவை எழும்பியது. அப்புறம்தான், "வருது டாக்டர்" என்றேன்.

"அறுத்தாச்சு, வெளிய வந்தாச்சு" என்று அவர் அந்தப் பையைத் தட்டில் வைத்தார். அது சத்தத்தோடு விழுந்தது. பூனையின் எடையில் பெரிய பங்கு அதுதான் என்று தோன்றியது.

தையல் முடிந்து மயக்கம் தெளியும்வரை மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பாட்டில் ஆற ஆற நான் வெந்நீர் மாற்றினேன். மதியம் தாண்டிக் கெளுத்தி வாலின் நுனியை அசைத்தது. பிறகு தலையைத் தூக்க முயன்று, முடியாமல், எங்களை எல்லாம் திட்டுகிற மாதிரி ஒரு கரகரத்த குரல் கொடுத்தது. தேசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சுதும்பு செத்த அன்று அவள் அழவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்டாள். "முன்னாடியே பண்ணிர்ந்தா இது வந்திருக்காதா டாக்டரம்மா?"

"வந்திருக்காதும்மா. அந்தப் பையே இருந்திருக்காது. ஆனா அன்னிக்கு எங்களை நம்பாதது உங்க தப்பில்ல."

தேசம்மா என்னைப் பார்த்தாள். "இவன் மேலயும் இல்ல வுடு. இன்னிக்கு அவன் கையிதான் அழுத்துச்சு."

எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. கருவிகளைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன்.

பத்து நாளில் தையல் பிரித்தோம். அதற்கு மறுவாரமே தேசம்மா அன்னக்கூடைக்குமேல் அன்னக்கூடை கவிழ்த்துக் கட்டி, குப்பத்துப் பூனைகளைக் கொண்டுவர ஆரம்பித்தாள். கூண்டும் வேண்டாம், கோழியும் வேண்டாம். அவள் மணலில் குந்தி உட்கார்ந்து, "பா, பா" என்றால் போதும், காட்டுப் பூனையாகத் திரிந்ததுகூட வந்து மடியில் ஏறும். யார் வீட்டுப் பூனை எப்போது சாப்பிட்டது என்று எனக்கு முன்னால் அவளே விசாரித்துவிடுவாள். ஒரு நாள் தலைவர் கோதண்டம் தன் வீட்டுக் கடுவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பூனையின் வாயோரம் பால் ஒட்டியிருந்தது. "போய்ட்டு நாளைக்கி வா" என்று தேசம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். ஊருக்கே தீர்ப்புச் சொல்கிறவர் முனகிக்கொண்டே திரும்பிப் போனார்.

அந்த வெயில் காலத்தில் யாரும் மருந்து வைக்கவில்லை. அடுத்த வருடம் மணலில் ஒன்றிரண்டு குட்டிகள்தான் பார்த்தேன். அதற்கடுத்த வருடம் அதுவும் இல்லை. இருந்த பூனைகள் சதை போட்டு, சண்டை மறந்து, படகுகளின் நிழலில் படுத்திருந்தன. கருவாட்டைத் தின்னாமல் இல்லை, ஆனால் தின்னும் வாய் குறைந்துவிட்டது. வலையை எலி கடிப்பது குறைந்தது என்று கோதண்டமே வந்து சொன்னார். பிறகு குப்பத்து நாய்களையும் கொண்டுவந்தார்கள். டாக்டர் சுகந்தி நாலு வருடம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போனார். இன்றைக்கும் பொங்கலுக்குப் போன் செய்வார். கெளுத்தி இருந்தவரை முதலில் அவளைத்தான் விசாரிப்பார். கெளுத்தி ரொம்ப வருடம் இருந்து, நரைத்த மீசையோடு, வயதாகிப் போய்ச் சேர்ந்தாள்.

நான் ஓய்வு பெற்ற அன்று மருந்தகத்தில் மாலை போட்டார்கள். தேசம்மா ஒரு பை நெத்திலிக் கருவாட்டோடு வந்திருந்தாள். எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, கிட்டே வந்து சொன்னாள்.

"கம்பவுண்டர், ஒரு ஒத்தாசை பண்ணணும். குப்பத்துல ஒரு பூனக்குட்டி கெடையாது. எம் பேரப்பசங்க குட்டி வேணும்னு உசுர எடுக்குதுங்க. எங்கனா கீதா பாரு."

இத்தனை வருடம் குட்டி பிறக்காமல் இருக்க வேலை செய்தவன், ஓய்வு பெற்ற முதல் இரண்டு மாதம் ஒரு பூனைக்குட்டியைத் தேடி அலைந்தேன். கடைசியில் ஆரம்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தாயை இழந்த ஒரு பெட்டைக்குட்டி கிடைத்தது. கண்ணுக்கு மருந்து போட்டு, பால் கொடுத்துத் தேற்றி, துணிப்பையில் வைத்து மடியோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் பையைப் பிடுங்காத குறை. குட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்களுக்குள் பெரிய சண்டை நடந்து, முடிவில் 'கம்பவுண்டர்' என்று வைத்தார்கள். அது பெண் குட்டி என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

ஆறாவது மாதம் கம்பவுண்டருக்கும் ஆப்ரேசன் நல்லபடியாக முடிந்தது.